ஹீட்டர் பிளக்

மூன்றாவது பிளக் மட்டும் அசையவில்லை.

தேவிப்ரியா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் மணிக்கட்டையே பார்த்தாள். ஸ்பேனர் வழுக்கியது. வீரமுத்து ஒரு கெட்ட வார்த்தையை மகளுக்காகப் பாதியில் விழுங்கினார்.

பிளக் உள்ளேயே முறிந்துவிட்டால் எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டும். மெக்கானிக் வரும்வரை டிராக்டரைப் பழைய மாதிரிதான் கிளப்பியாக வேண்டும்.

பழைய மாதிரி என்றால் கல்லெடுப்பது.

எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் செத்துப்போனால் பழைய டீசல் எஞ்சின் பனிக்காலத்தில் சாவிக்கு மசியாது. அதனால் இரண்டு மார்கழியாக வீரமுத்து டிராக்டரை ராத்திரியே ஏரிக்கரைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, பெரிய சக்கரத்துக்கு முன்னால் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார். காலையில் மேலே உட்கார்ந்து "எடு" என்பார். கீழே குந்தியிருக்கிற ஆள் கல்லை இழுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். வண்டி உருளும். அந்த வேகத்தில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு நாளும் கீழே குந்தியது கூலியாள் மாயவன். இப்போது அந்த வேலைக்கு ஊரில் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள். வயலில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக் கிடக்கிறது. இன்னும் ஒருநாள் போனால் ஜவ்வரிசி ஆலைக்காரன் தொடமாட்டான்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "காலைல நீ வந்து கல்ல எடு."

அம்மா குழம்புக் கரண்டியைப் போட்ட வேகத்தில் தரையெல்லாம் தெறித்தது. "பொட்டப்புள்ளய சக்கரத்துக்கு முன்னாடி குந்த வைப்பியா? இன்னா மனுசன்யா நீ?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்த அப்பா, கடை சாத்துவதற்குள் சங்கராபுரம் போய் பிளக் வாங்கிவந்தார். ஆனாலும் தேவிப்ரியா தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சக்கரம்தான் வந்தது.

"இன்னாடி டார்ச்சு ஆடுது? கையா, காத்தாடியா?"

"பயமா இருக்குதுப்பா."

"அப்புறம் நான் எதுக்கு இந்தக் குளிர்ல இத்தோட மல்லு கட்டிக்கினு இருக்கறேன்? உன்னப் போய் அங்க உட்டுடுவனா?"

அதைக் கேட்க அவளுக்கு இதமாக இருந்தது.

பிளக் கிறீச்சிட்டுத் திரும்பியது. முறியவில்லை.

புதியதை மாட்டி ஒயரை முடுக்கிவிட்டு, வீரமுத்து ஏறி உட்கார்ந்தார். பிளக் சூடாகும்வரை சாவியைப் பாதி திருப்பிப் பிடித்திருந்தார். பிறகு முழுக்கத் திருப்பினார்.

ஒரே திருப்பு. கரும்புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் ஓடியது.

தேவிப்ரியா கைதட்டிச் சிரித்தேவிட்டாள்.

அந்தச் சிரிப்போடு திரும்பியபோதுதான் கரைமேல் இசைவாணி நிற்பதைப் பார்த்தாள். அவளோடு ஒரே வகுப்பில் படிப்பவள். மாயவனின் மகள். சுடிதார் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தாள்.

"அம்மா அனுப்பிச்சிதுங்க. கல்லெடுக்க ஆளில்லயாமே. அப்பாவுக்குக் குடுத்த கூலியே குடுத்தா போதும்னிச்சி."

போன வாரம் பனி ஈரத்தில் மாயவனுக்குக் கால் வழுக்கியது. அன்றைக்கும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில், சக்கரத்துக்கு அடியிலிருந்து அவர் கடைசியாகக் கத்தியது மேலே உட்கார்ந்திருந்த வீரமுத்துவுக்குக் கேட்கவில்லை.

"இனிமே அதுக்கு ஆளே வேணாம்மா." வீரமுத்து இறங்கி வந்து கையைத் துடைத்தார். "ஹீட்டர் பிளக்க மாத்தியாச்சு."

இசைவாணி மண்ணில் கிடந்த மூன்று பழைய பிளக்குகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவள் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது.

"மாத்த எவ்ளோ நேரம் ஆச்சுங்க?"

"அரை மணி கூட ஆவல."

அப்பா அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.