அசலுக்கு ஒரு சத்தம்

குன்றத்தூர் மலையடிவாரத்தில் நட்டு வைத்திருந்த அந்த வாசலைப் பார்த்ததும் சாமுண்டீஸ்வரி வரிசையில் ஓரடி பின்வாங்கினாள்.

கதவு இல்லை, சுவர் இல்லை, வெறும் வாசல். தலைமேல் ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஒரு பெண் போலீஸ், கையில் குட்டைத் தடி மாதிரி ஒரு கருவி.

கோயமுத்தூரில் குண்டு வெடித்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. பங்குனி உத்திரக் கூட்டத்தில் எவனாவது எதையாவது வைத்துவிட்டால் என்ன கதி என்று இந்த ஏற்பாடு. பேப்பர்காரன் 'உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி' என்று எழுதினான். எந்த உலோகம் என்று எழுதித் தொலைத்தானா? இல்லை. மிச்சத்தை ஜனங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

துணிக்குள்ளே இருப்பதெல்லாம் டிவியில் தெரியும் என்றாள் வரிசையில் ஒருத்தி. இன்கம்டாக்ஸ்காரன் நகையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறான் என்றாள் இன்னொருத்தி. கோவிலம்பாக்கத்திலிருந்து சாமுண்டீஸ்வரியோடும் அவள் மாமியாரோடும் பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டு முனியம்மாதான் தீர்ப்பு சொன்னாள்.

"அதெல்லாம் இல்லக்கா. அசல் தங்கம்னா ஒரு சத்தம். கவரிங்னா மூணு சத்தம். எங்க மச்சான் ஏர்போர்ட்டாண்ட பாத்துகினு வந்து சொன்னாரு."

அந்த மச்சான் மீனம்பாக்கத்தில் டாக்சி ஓட்டுகிறவர். வாசலைத் தாண்டி உள்ளே போனாரா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வரிசை முழுக்க 'ஒண்ணு அசல், மூணு கவரிங்' என்று பரவிவிட்டது.

சாமுண்டீஸ்வரி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். அவள் கழுத்தில் கிடந்த தாலிச் சங்கிலி கவரிங்.

அசல், பத்து நாளைக்கு முன்னால் தாம்பரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் சாலமோன் கைக்குப் போய்விட்டது. சாலமோன், அவள் நாத்தனார் கிளியைக் கட்டிக்கொண்ட வாத்தியார். சர்ச்சில் மோதிரம் மாற்றிய அன்றைக்கே மாமனார் பொன்னுரங்கம் மகளைத் தலைமுழுகிவிட்டார். மாமியார் அங்காளம்மாள் அவருக்கு ஒரு படி மேலே. தோப்பில் கிளி வந்து உட்கார்ந்தால்கூட வாய் தவறி அந்தப் பேரைச் சொல்ல மாட்டாள், 'பச்சைக் குருவி' என்பாள்.

அந்தக் கிளிக்குப் பிரசவம் சிக்கலாகி, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாலமோன் சுவரோரம் நின்று அழுதான். ஆம்பிளை அழுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? வீட்டுக்குத் தெரியாமல் பார்க்கப் போன சாமுண்டீஸ்வரி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

இப்போது மூன்று சத்தம் கேட்டால் முனியம்மா சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தம்பட்டம் அடிப்பாள். மாமனார் காதுக்கு எட்டினால் அடுத்த தலைமுழுக்கு இவளுக்குத்தான். முருகா, உன் வாசலிலா எனக்கு இந்தச் சோதனை என்று மனசுக்குள் அழுதாள்.

முதலில் முனியம்மா நுழைந்தாள்.

பீப். பீப். பீப்.

"அய்யய்யோ, என்து அசல்! எங்கம்மா போட்டது!" என்று முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். போலீஸ்காரம்மா அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி எடுத்ததை யார் கவனித்தார்கள்? மூன்று சத்தத்தைத்தான் எல்லாரும் எண்ணினார்கள்.

அடுத்தது அங்காளம்மாள். அவளுடைய இரட்டைவடச் சங்கிலியைப் பற்றிக் கோவிலம்பாக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது.

அவள் நகரவில்லை.

"முட்டி வலிக்குதுடி. மலையெல்லாம் ஏற முடியாது. இங்கியே கற்பூரம் ஏத்திட்டு வூட்டுக்குப் போலாம், வா."

நேற்றுவரை தோப்பில் மட்டை இழுத்துப் போட்ட முட்டி! சாமுண்டீஸ்வரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விஷயம் தெரிந்துதான் காப்பாற்றுகிறாளா? இல்லை, வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று பொறுத்துக்கொள்கிறாளா? எதுவானாலும் வா என்றதே போதும் என்று பின்னாலேயே திரும்பினாள்.

திரும்பினால் போலீஸ் சும்மா விடுமா?

"ஏம்மா, மிஷினப் பாத்துட்டு எங்க ஓடறீங்க? நில்லுங்க."

பையைக் கொட்டிப் பார்த்தாள். தேங்காய், பழம், கற்பூரம். பிறகு கையிலிருந்த கருவியை அங்காளம்மாளின் கழுத்தருகே கொண்டுபோனாள்.

பீப். ஒரே ஒரு சத்தம்.

"பாத்தியா, அசல்!" என்றது வரிசை.

"என்னம்மா போட்டிருக்கீங்க?" என்று போலீஸ்காரம்மா குனிந்து கேட்டாள். அங்காளம்மாள் அவள் காதோரம் முணுமுணுத்தாள். ஒட்டி நின்ற சாமுண்டீஸ்வரிக்கு மட்டும் அது கேட்டது.

"கவரிங்தாம்மா."

அதற்கப்புறம் அந்தக் கருவி தன் கழுத்துக்கு வந்ததும், அதுவும் ஒரே தடவை கத்தியதும் சாமுண்டீஸ்வரிக்கு உறைக்கவேயில்லை.

"மாமியாரும் அசல், மருமவளும் அசல். குடுத்து வெச்ச வூடு" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பல்லாவரம் பஸ்ஸில் ரெண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. அனகாபுத்தூர் தாண்டியது. அந்த இரட்டைவடம் எங்கே போச்சு அத்தை என்று கேட்க சாமுண்டீஸ்வரிக்கு நாக்கு துடித்தது. கேட்டால் உன்னுது எங்கேடி என்று திருப்பிக் கேட்பாளே என்று பயமாகவும் இருந்தது.

பம்மலில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே மாமியார் கேட்டாள்.

"அவளுக்குத் தையல் பிரிச்சாச்சா? நான் போனப்ப இன்னும் பிரிக்கல."