எதிர்க்கடைக்கு அனுப்பிய ஆள்

சட்டைப்பையில் இருந்த போனின் கேமரா வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் முதலில் கவனித்தது அதைத்தான்.

பிறகுதான் கடைக்கு வந்த ஆளைப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை. அக்குளில் ஒரு லேப்டாப்.

“எக்செல் திறக்கமாட்டேங்கு மேடம். சந்தா முடிஞ்சிட்டுன்னு வருது.”

வாங்கித் திறந்தாள். உண்மைதான். ஆனால் கணினி புத்தம் புதிதாக இருந்தது. மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

“பணம் கட்டிப் புதுப்பிச்சா உடனே திறந்திரும் சார்.”

“அதெல்லாம் எதுக்கு? சும்மா ஒண்ணு போட்டு விடுங்க. எல்லாரும் போடுதாங்கல்லா. பில்லும் வேண்டாம்.”

பில் வேண்டாம் என்றதும் அவள் விரல்கள் கீபோர்டை விட்டு விலகின.

ரத வீதி ஜெபராஜ் கடைக்குப் போன மாதம் வந்தவரும் இப்படித்தான் கேட்டாராம். பாவப்பட்டு ஜெபராஜ் கள்ளப் பிரதியைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் அதே ஆள் போலீஸோடு வந்து நின்றார். சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஆள். கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

“மகளுக்கு நாளைக்குக் காலையில கம்பெனி டெஸ்ட். வீட்டுல இருந்தே எழுதணும்,” என்றார் அவர்.

மகள்.

கதையோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் எல்லாவற்றுக்கும் சந்தா கட்டுகிறவள். அழிந்துபோன ஃபைல்களை மீட்க ஒரு சாஃப்ட்வேர். வைரஸ் எடுக்க ஒன்று. வாடிக்கையாளர் வீட்டுக் கணினியை இங்கிருந்தபடியே பார்க்க இன்னொன்று. ஒன்றுக்குக் கட்டி நிமிர்வதற்குள் அடுத்தது முடிந்திருக்கும்.

எதிர்க்கடை இசக்கிராஜ் எதற்கும் கட்டுவதில்லை. அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கட்டுகிறவனால் அவனைப்போலப் பாதி விலைக்கு வேலை செய்ய முடியாது.

அவளுடைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

சட்டைப்பையை மறுபடி பார்த்தாள்.

எதிர்க்கடையைப் பார்த்தாள்.

“நான் போடுறதில்ல சார். எதிர்த்தாப்ல கேட்டுப் பாருங்க. எஸ்தர் அக்கா அனுப்புனாங்கன்னு சொல்லுங்க.”

அவள் பேரைச் சொன்னால் இசக்கி தயங்கமாட்டான்.

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். ரோட்டைத் தாண்டினார். ஏதோ சொன்னார். இசக்கி நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினான்.

அவளும் உயர்த்தினாள்.

மறுநாள் சீக்கிரமே வந்து கடையைத் திறந்தாள். வேலை எதுவும் ஓடவில்லை. ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையைத் தூக்கினாள். ஒன்று காய்கறி மார்க்கெட்டுக்குப் போனது. இன்னொன்று நிற்காமலே போனது.

மதியம் இசக்கி வந்தான். செருப்பில்லாமல் வந்திருந்தான்.

“அக்கா, நேத்து ஒரு சார அனுப்புனீங்கல்லா?”

அவள் தலையசைத்தாள்.

“கிராக் காப்பி போட்டுக் குடுங்கன்னாரு. உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன, மத்தவங்களுக்குப் போட்டுத்தான் குடுக்கேன். ஜெபராஜ் அண்ணனுக்கு அப்படி ஆனதுலேருந்து புது ஆளுன்னா கை வரமாட்டேங்கு. பாவம், பிள்ளைக்குப் பரீட்சைங்காரே. அதான் எம் வீட்டுக்காரி லேப்டாப்பக் குடுத்து விட்டேன். அவ படிப்புக்குன்னு காசு கட்டி ஒரிஜினல் போட்டு வச்சிருந்தா.”

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

“டெஸ்ட் முடிஞ்சதும் கொண்டாந்திருதேன்னாரு. இன்னும் ஆளக் காணும். போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது.”

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீங்க அனுப்புன ஆளுன்னுதான் குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சவருதானக்கா?”

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“தெரிஞ்சவர்தான்,” என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. “அப்பச் சரி. வீட்டுல அழுதுக்கிட்டிருக்கா. சொல்லிருதேன்.”

போய்விட்டான்.

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. வந்த ஒரு வாடிக்கையாளரை நாளைக்கு வரச் சொன்னாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பை வைத்திருந்த ஒவ்வொரு ஆணையும் பார்த்தாள்.

அவர் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று நேற்று நினைத்தாள்.

இன்று அவருக்கு ஒரு மகள் இருக்கவேண்டும்.

வெயில் இறங்கும் நேரத்தில் எதிர்க்கடை முன்னால் ஒரு ஆட்டோ நின்றது.

அவர்தான். அதே தேய்த்த சட்டை. பின்னாலேயே ஒரு பெண் இறங்கினாள். நெஞ்சோடு ஒரு லேப்டாப் பையை அணைத்திருந்தாள். இசக்கியிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் சார்ஜ் தீர்ந்துபோன போனை எடுத்துக் காட்டி ஏதோ சொன்னார். கரண்ட் என்ற சொல் மட்டும் இங்கே கேட்டது. இசக்கி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

அவளுக்கு மூச்சு வந்தது.

அப்போது இசக்கி திரும்பி அவள் கடையைக் கைகாட்டினான்.

அந்தப் பெண் அங்கிருந்தே கும்பிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் ரோட்டோரம் வந்து, தாண்டுவதற்காக இரண்டு பக்கமும் பார்த்தார்கள்.

ஒரு பஸ் குறுக்கே வந்து ஆள் ஏற்ற நின்றது.

அவள் எழுந்து ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்தாள்.