பூதம் நடக்கும் பாலம்

"மாப்ள, மூச்சை மெதுவா விடு. அந்தக் கைப்பிடி இன்னும் காயல."

மச்சினன் மூச்சையே நிறுத்திக்கொண்டான். அக்கா வீட்டில் ஒரு வாரம் காலை நீட்டிப் படுக்கலாம் என்று வந்தவனை, வந்த அன்றே சாப்பாட்டு மேஜை முன்னால் உட்காரவைத்துக் கையில் இடுக்கியைக் கொடுத்துவிட்டார் அத்தான்.

மேஜை முழுக்க ஓர் உலகம் எழும்பியிருந்தது. தெர்மகோலைச் செதுக்கிச் செய்த மலை. அதன் சரிவில் சிவப்புக் கூரை போட்ட காளான் வீடுகள். தொப்பி வைத்துக்கொண்டு கோணலாக நிற்கும் கோபுரம். அதன் புகைபோக்கியில் வாலை விட்டுக் குளிர்காயும் குட்டி டிராகன். கட்டைவிரல் உயரப் பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டி விளையாடுவார்களே, அந்த விளையாட்டுக்கான களம் இது. நடுவே ஊதா நிறத்தில் ஓர் ஆறு. ஆற்றின் மேல் ஐஸ்குச்சிகளால் கட்டிய பாலம். அத்தானின் உயிர் இப்போது அந்தப் பாலத்தில்தான் இருந்தது.

காரணம் உண்டு. இந்த விளையாட்டுக்காரர்களின் சங்கம் வருடா வருடம் நடத்தும் களம் அமைக்கும் போட்டியில் நடுவர் ஒரு காரியம் செய்வார். ஈயத்தில் வார்த்த குண்டுப் பூதம் ஒன்றைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, மேஜையைப் பிடித்து ஆட்டுவார். போன வருடம் அத்தானின் பாலம் முறிந்து பூதம் ஆற்றில் விழுந்தது. சங்கத்தில் எல்லோரும் சிரித்த சிரிப்பில் அவர் மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து அங்கே அவருக்குப் பெயரே 'தொபுக்கடீர் சார்'. இந்த வருடம் எப்படியாவது அந்தப் பெயரைத் துடைத்தாக வேண்டும்.

"பூதத்துக்குப் பதிலா எடைக்கல்லை வை," என்றார் அத்தான், கைப்பிடி காய்ந்ததும். மச்சினன் வைத்தான். மேஜையை ஆட்டினான். பாலம் அசையவில்லை.

"கெட்டியா இருக்கே அத்தான்."

"ஒரு தடவை நின்னா போதுமா? மூணு தடவை பார்க்கணும். பாலம்னா சும்மாவா? ஒருத்தன் நம்பி அதுமேல கால் வைக்கிறான்."

"பொம்மைதானே வைக்குது."

அத்தான் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டவர்போல் ஒவ்வொரு குச்சியாகத் தடவிப் பார்த்தார். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு குச்சியில் மயிரிழை அளவு விரிசல் கண்டதும், பாதிப் பாலத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டார். மச்சினனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பாதி அவன் ஒட்டியது.

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். இந்த மேஜையின் தயவில் வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுல காட்டற அக்கறைல கால்வாசியை ஆபீஸ்ல காட்டக் கூடாதா?"

"ஆபீஸ்ல என்ன குறைச்சல்? எது வந்தாலும் அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். தங்கமான மனுஷன்னு மேலிடத்துல சொல்றாங்க."

"சொல்ல மாட்டாங்களா பின்ன," என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

அத்தானுக்கு அரசாங்கத்தில் ஏதோ பெரிய வேலை என்பதற்கு மேல் மச்சினனுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது கேட்கவும் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் கைப்பிடி ஆடும்.

புதிதாகப் போட்ட பசை காய்ந்து, மூன்று சோதனையிலும் பாலம் தேறி, எல்லாவற்றையும் காரில் ஏற்றும்போது நேரம் ஓடிவிட்டிருந்தது. மதியத்தோடு போட்டிக்கான பதிவை முடித்துவிடுவார்கள். மலையும் காளான் வீடுகளும் டிக்கிக்குப் போயின. பாலம் மட்டும் பின் சீட்டில், அத்தான் மடியில், பச்சைக் குழந்தைபோல் துணி சுற்றிக்கொண்டு வந்தது.

சங்கம் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில். போன மாதம் ரிப்பன் வெட்டித் திறந்த புதுப் பாலம் எதிரே பளபளவென்று நின்றது. பஸ்கள் வரிசையாக அதில் ஏறிக்கொண்டிருந்தன. காரை ஓட்டிய மச்சினன் அதில் திரும்புவதற்கு சிக்னல் போட்டான்.

"அதுல ஏறாத. நேரா போ. பழைய கல்லுப் பாலத்து வழியா சுத்திக்கிட்டுப் போயிடலாம்."

"அத்தான், இதுல போனா அஞ்சு நிமிஷம். சுத்திப் போனா பதிவே முடிஞ்சிடும். இவ்வளவு பாடுபட்டதும் வீண்."

"போனா போகட்டும்."

மச்சினனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'தொபுக்கடீர்' என்ற பெயரைத் துடைக்க ராப்பகலாகக் குச்சி ஒட்டிய மனிதர் பேசுகிற பேச்சா இது?

"பழைய ரோடு பூரா குண்டும் குழியுமா இருக்கு அத்தான். மடில இருக்கறது உடைஞ்சிடும்."

"குழின்னா கண்ணுக்குத் தெரியும். பார்த்து ஓட்டலாம்."

"இந்தப் பாலத்துக்கு என்ன கேடு? நூறு வருஷம் தாங்கும்னு போர்டே வச்சிருக்காங்க. மூணு தடவை சோதிச்சுப் பார்த்தாச்சுன்னு எழுதியிருக்கு பாருங்க."

அத்தான் கார் கண்ணாடி வழியாக அந்தப் பாலத்தைப் பார்த்தார். மடியிலிருந்த குச்சிப் பாலத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"மூணு தடவை சோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டது நான்தான் மாப்ள," என்றார். "இன்னைக்குத்தான் அதைக் கண்ணால பார்க்கறேன்."