எதிரே உட்கார்ந்தவர்

நாற்காலியை நடுவில் போட்டாகிவிட்டது. யாரும் எழுந்து வரவில்லை.

விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரில் ஓர் ஓட்டலின் இரண்டாம் மாடி, ஞாயிறு காலை. பயிற்சிக்கு வந்த இருபத்துமூன்று பேர் தரையையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி நடத்தும் ராஜா மறுபடி ஹிந்தியில் விளக்கினான். மனதில் அடைத்து வைத்திருக்கும் ஆளை இந்தக் காலி நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருக்குள் இருக்கும் கடவுளைக் கும்பிடுங்கள். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

நாற்காலி மனோதத்துவப் புத்தகத்திலிருந்து வந்தது. கும்பிடு அவனே சேர்த்தது. இரண்டும் கலந்தால்தான் மனிதன் ஓரங்குலமாவது நகர்வான் என்பது அவன் கட்சி.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி, ஏதோ மென்பொருள் கம்பெனியில் ஆளெடுக்கும் அதிகாரி, கையைக் கட்டிக்கொண்டு, முதலில் நீங்கள் செய்து காட்டுங்களேன் என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நியாயமான பேச்சுதான். இப்போது மழுப்பினால் தேநீர் இடைவேளையில் பாதிப் பேர் லிஃப்டைத் தேடிப் போய்விடுவார்கள் என்று ராஜாவுக்குத் தெரிந்தது.

அவனுடைய ஆள் யாரென்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆள் கடைசி வரிசையில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

சவரிமுத்து. அவன் அப்பா. போசரி தொழிற்பேட்டையில் ஒரு ப்ரெஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருடம் தகடு அடித்து, காதுகளை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். காதுக் கருவி விசிலடிக்கிறது என்று அதை அலமாரியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்.

ராஜா ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இந்தக் கோச்சிங்கில் இறங்கி இரண்டு வருடமாகிறது. ஆனால் அவர்கள் இருக்கும் சாங்வி குடியிருப்பில் யார் கேட்டாலும் அப்பாவின் பதில் ஒன்றுதான்: பையனுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். லிஃப்டில் சொன்னார். பால்காரரிடம் சொன்னார். கோயிலில் ஃபாதரிடமே கூசாமல் சொன்னார்.

அடுத்தவர்களுக்கெல்லாம் மனதைத் திறக்கக் கற்றுக்கொடுப்பவனுக்கு வீட்டில் இந்த ஒரு பொய்யைத் திறக்க வழி தெரியவில்லை. ஒரு தடவையாவது நேரில் பார்க்கட்டும் என்று முந்தாநாள் அழைப்பிதழை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வருவார் என்று நினைக்கவில்லை.

நாற்காலிக்கு எதிரே நின்று கும்பிட்டான். நிமிர்ந்தபோது அதற்கு நேர் பின்னால், தூரத்தில், அதே வெள்ளைச் சட்டை தெரிந்தது.

வாயைத் திறக்கவும் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. வழக்கமாக அவன் பேச்சை நிறுத்திக் காத்திருப்பான். இன்று நிறுத்தவில்லை. இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. இந்தச் சத்தத்தில் தெரிந்தாலும் கேட்காது. கேட்டுவிடக் கூடாத ஆளுக்கோ காதே கிடையாது. இதைவிடப் பத்திரமான நேரம் வேறு எப்போது வரப்போகிறது?

“எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் எல்லாம் இல்லப்பா. வேலைய விட்டுட்டேன். இப்ப இதான் என் வேலை. ஒங்களுக்கு வெக்கமா இருந்தா இருக்கட்டும், ஒரே ஒரு தடவ யார்கிட்டயாவது சொல்லுங்கப்பா.”

விமானம் போய்விட்டது. அவன் முகம் நனைந்திருந்தது. ஒரு வார்த்தையும் யார் காதிலும் விழவில்லை. ஆனாலும் ஒருவரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணி கட்டிய கையை எப்போது பிரித்தாளோ தெரியவில்லை.

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

அப்பா எழுந்து நடுவழியில் அவசரமில்லாமல் நடந்து வந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், ஃபேக்டரி ஹிந்தியில் சொன்னார்.

“யே மேரா பேட்டா ஹை. நௌக்ரி சோட் தியா. அபி யஹீ இஸ்கா காம் ஹை.”

இவன் என் மகன், வேலையை விட்டுவிட்டான், இப்போது இதுதான் இவன் வேலை. இரண்டு வருடமாக அந்த வாயிலிருந்து வராத மூன்று வாக்கியங்கள், இருபத்துமூன்று பேர் முன்னால், மைக் இல்லாமல்.

சொல்லிவிட்டு அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் கை தட்டியது மூன்றாவது வரிசைப் பெண்மணிதான். பிறகு அறை முழுக்கத் தட்டியது. அடுத்து நான் வருகிறேன் என்று ஆறேழு கைகள் உயர்ந்தன. ராஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டான். இந்த ஒரு காலைக்காக இன்னும் பத்து வருடம் கஷ்டப்படலாம் என்று தோன்றியது.

அப்புறம்தான் கேள்வி எழுந்தது. இவருக்கு எப்படிக் கேட்டது?

அப்பா நாற்காலியிலிருந்து அவனைப் பார்த்து உதடுகளை மட்டும் அசைத்தார். சத்தமே இல்லை. அழுதது போதும், அடுத்த ஆளைக் கூப்பிடு என்கிறார் என்பது ராஜாவுக்குத் தெளிவாகப் புரிந்தது. கூடவே மற்றதும் புரிந்தது.

நூறு டன் ப்ரெஸ்கள் இடிக்கும் இடத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். நாலு மெஷின் தள்ளி நிற்பவனிடம் ஜோக் அடிப்போம் என்று அவன் சிறுவனாக இருந்தபோது அப்பாவே சொல்லிச் சிரித்திருக்கிறார். அவன்தான் மறந்துபோனான்.

அம்மா போனபிறகு வீட்டில் இரண்டே பேர். தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, காது கேட்காது என்ற தைரியத்தில் அவன் முணுமுணுத்தது கொஞ்சநஞ்சமல்ல. நான் செத்தாலும் இந்த ஆள் வொர்க் ஃப்ரம் ஹோம் என்றுதான் சொல்வார் என்பது அவற்றுள் மரியாதையானது. அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார்.

அத்தனையும் தெரிந்துதான் மனுஷன் இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு, சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.