மாமனாரின் வாய்

“செம்பை ஏன் நடுவழியில வச்ச? இடது பக்கம் சுவர் ஓரமா வைக்கத் தெரியாதா?”

மீராசா ராவுத்தர் ஆரம்பித்துவிட்டார். காலைத் தொழுகை முடித்து வந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியிடம் பேச வேறு நல்ல வார்த்தையே கிடையாதா என்று மருமகள் மஜீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பினாங்கில் அவள் பார்த்த பயாஸ்கோப்பில் எல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் காதோடு காதாகத்தான் பேசிக்கொண்டார்கள். கல்யாணம் கட்டிக்கொண்டு மாமனார் ஊரான காஜா பெராங்குக்கு வந்தால், இங்கே விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை ஏச்சு. படியில் தண்ணீர் கிடக்கிறதாம். அடுப்பில் சட்டி சரிந்து நிற்கிறதாம். மாமி பஷீரா எதிர்த்துப் பேசுவதில்லை. “சரிங்க” என்பாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் மஜீதாவுக்கு இன்னும் வயிறு எரியும்.

புருஷன் ஷரீஃபுதீன் சிங்கப்பூரில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்காக ஊர் திரும்பியவன். அவனிடம் சொன்னால், அத்தா குணமே அப்படித்தான் என்று சிரித்தான்.

“சுரை போட்டா அவரையா முளைக்கும்? நாளைக்கு நீங்களும் என்னை இப்படித்தான் ஏசுவீங்க. தனி வீடு பாருங்க. இல்லேன்னா என்னைப் பினாங்குல கொண்டுபோய் விட்டுருங்க.”

கொஞ்ச தூரம் தள்ளிப் பண்டா ஹிலிரில் தனி வீடு பார்த்தாயிற்று. கிளம்பும் நாளில் ஷரீஃபுதீன் மாட்டுவண்டி கூட்டிவரப் போனான். ராவுத்தர் வழக்கம்போல மாமியிடம் வாயைத் திறந்தார். மஜீதாவுக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, நான் போற அன்னைக்காவது மாமியை ஏசாம இருங்க.”

ராவுத்தர் ஏதோ சொல்லப் போனார். மாமி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பேசாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீடு நிம்மதியாகிவிட்டது என்று நினைத்தபடி மஜீதா தன் டிரங்குப் பெட்டியை இழுத்துவந்து நடையில் வைத்தாள். மருமகளுக்குக் கடைசியாக ஒரு வாய் கோப்பி கொடுக்கலாமென்று மாமி கிளாஸும் கையுமாக வந்தாள். நேரே வந்தவள் அந்தப் பெட்டியில் இடித்து விழுந்தாள்.

சத்தம் கேட்டு ராவுத்தர் ஓடிவந்தார்.

“அசையாதே. வலது கைப் பக்கம் கண்ணாடிச் சில்லு.”

பிறகு மருமகளைப் பார்த்தார். “மன்னிச்சுக்கம்மா, பேசிட்டேன்.”

மஜீதா மாமியின் முகத்துக்கு நேரே கையை அசைத்துப் பார்த்தாள். அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை.

“பார்வை போயி ரெண்டு வருஷமாச்சும்மா. தெரிஞ்சா என்னை மூலையில உட்கார வச்சிருவாங்க. என் அடுப்படி எனக்கு வேணும்னு நான்தான் மாமாகிட்ட கேட்டுக்கிட்டேன். பையன்கிட்ட சொல்லிராதே” என்றாள் மாமி.

சிடுமூஞ்சி என்று ஊரே பேர் வைக்க, அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டு நாள் பூராவும் பெண்டாட்டிக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார் இந்த மனுஷன். இப்படியும் ஒரு குடித்தனம் உண்டா என்று மஜீதா மலைத்து நின்றாள்.

வண்டியோடு வந்த ஷரீஃபுதீன் அவள் கலங்கி நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனான். அத்தா இவளையும் ஏசிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, அவளைத் தனியே கூப்பிட்டான்.

“அழாதே. அத்தா மாதிரி நான் உன்னை ஆயுசுக்கும் ஏச மாட்டேன். சத்தியமா.”

“அப்படிச் சொல்லாதீங்க மச்சான். வண்டியைத் திருப்பி அனுப்பிட்டு, ஏசுவேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றாள் மஜீதா.