இருக்கறதுலயே கனமான டயர்

"கிழவருக்கு வந்த ஆசையைப் பாரு! நீயும் அதுக்குத் தாளம் போடுற!"

பெரியவன் வாசலிலேயே தங்கையை மடக்கிவிட்டான்.

அவள் செய்த குற்றம், அப்பாவின் பழைய ஜீப்புக்கு நாலு புது டயர் மாட்டிக் கொண்டுவந்தது. சாதாரண டயர் இல்லை. ஒவ்வொன்றும் அண்டா அகலம். வீலோடு சேர்த்துத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நேற்றுவரை நோஞ்சானாக நின்ற ஜீப், இன்றைக்கு மல்லுக்கு வந்த பயில்வான் மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"பொறந்த நாளுக்கு என்னப்பா வேணும்னு கேட்டேன். பெரிய டயர்னார். எந்தக் கடைன்னுகூட அவரே சொன்னார். வாங்கிட்டேன். இதுல என்னண்ணா தப்பு?"

"தப்பா? போன மாசம் கேட் தூணை இடிச்சது மறந்துபோச்சா? பால்காரர் சைக்கிளைப் போட்டுட்டுக் குதிச்சார், பிழைச்சார். வண்டியை வித்துடலாம்னு நான் காட்டுக் கத்தல் கத்துறேன். நீ என்னடான்னா எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துற!"

அவன் கத்தியது உண்மைதான். அதுவும் பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் எதிரில். "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, சாவியைக் கொடுங்க" என்று கையை வேறு நீட்டிவிட்டான்.

அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடும் மலையும் அளந்த மனிதர். அந்த ஜீப்பில் அவர் ஏறாத கரடு கிடையாது. அன்றைக்குச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனவர்தான், அதன்பிறகு மகனோடு பேச்சே இல்லை. வண்டியை எடுக்கவும் இல்லை, சாவியைக் கொடுக்கவும் இல்லை. தூங்கும்போதுகூடச் சாவி தலையணைக்கு அடியில்தான். டயர் மாட்ட வண்டியை எடுத்துப்போன கடை ஆளிடம் மட்டும் கொடுத்து, வண்டி திரும்பியதும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அப்பா தொப்பியும் கண்ணாடியுமாக வெளியே வந்தார்.

"குன்று மேல சிநேகிதனைப் பாத்துட்டு வரேன்" என்றார் பொதுவாக, காற்றைப் பார்த்து.

குறுக்கே விழுந்தாவது தடுத்துவிடுவது என்று பெரியவன் கேட்டருகே போய் நின்றான். தங்கையோ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

வண்டி உறுமியது. அப்பா ஸ்டீயரிங்கைத் திருப்பினார். திரும்பவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, சக்கரம் அசைந்துகொடுக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்து இறங்கினார்.

"டயரா இது? பாறாங்கல்லு!" என்று ஒரு டயரை எட்டி உதைத்தார். "இதெல்லாம் வாலிபப் பசங்க ஓட்டுற வண்டி. டேய், நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன்."

சாவி மகனுடைய கைக்கு வந்தது.

தங்கை காதோரமாக வந்தாள். "இந்தக் கனத்துக்கு ஸ்டீயரிங் இறுகிப்போயிடும்னு கடைக்காரர் சொன்னார். அதுக்காகவேதான் வாங்கினேன். நீ அப்பா கை மேல குறை சொன்ன. நான் அதைத் தூக்கி டயர் மேல போட்டேன். அவ்வளவுதான்."

சுருக்கென்றது பெரியவனுக்கு. ஆனாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அப்பாவையே ஏமாற்றிவிட்டாளே, கெட்டிக்காரி!

தெருமுனை தாண்டுவதற்குள் அவனுக்கே தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. வண்டி வேகமும் எடுக்கவில்லை, பிரேக் போட்டால் சட்டென்று நிற்கவும் இல்லை. "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை நாள் கழித்து அவர் பேசியதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

டயர் கடையில் காற்று பார்க்க நிறுத்தினார்கள். பெரியவன் எதிர்க் கடையில் தண்ணீர் வாங்கப் போனான். திரும்பி வரும்போது ஜீப்புக்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் குரல் கேட்டது.

"அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேனே சார்! இந்த வண்டிக்கு இது ஆகாது, ஸ்டீயரிங் திரும்பவே திரும்பாதுன்னு. கேட்டீங்களா? 'என் பொண்ணு வருவா, இருக்கறதுலயே கனமானதா மாட்டிக் கொடு'ன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க."

"மெதுவாப் பேசுய்யா, பையன் வந்துடப் போறான். பழைய டயர் நாலும் பத்திரமா இருக்குல்ல?"

"மூலையில அப்படியே கிடக்கு சார்."

"அடுத்த வாரம் அதையே திருப்பி மாட்டிடு. இனிமே அவன்தான் ஓட்டப்போறான். பாவம், தோள் வலிக்கும்."

"பழசை மாட்டிட்டா நீங்களே ஓட்டலாமே சார்?"

அப்பா டயரைக் கையால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பழைய டயர்லயே எனக்குத் திரும்பலைய்யா. தூணை இடிச்சது அதனாலதான். பெத்த புள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்றது?"

பெரியவன் தண்ணீர் பாட்டிலோடு அப்படியே நின்றான். கண் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். பிறகு நாலடி பின்னால் போய், செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி நடந்து வந்தான். வரும்போதே தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, கடைக்காரருக்கும் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினான்.

"எப்பா, இந்த டயரை வச்சுக்கிட்டு எவனாலயும் வண்டி ஓட்ட முடியாதுப்பா!"