பிந்தி வந்தவருக்கான பாட்டு

வேண்டுமென்றேதான் தாமதமாகப் போனார்.

காபரேக்குள்ளே பியானோ தொடங்கும்வரை மோன்மார்த்ர் குன்றின் படிக்கட்டில், தூறலில் நின்றுகொண்டிருந்தார். எண்பதை நெருங்குகிற வயதில் செய்கிற காரியமா இது? ஆனால் நேரத்துக்குப் போனால் பாரிஸின் அந்தக் கோடியிலிருந்து வந்ததே வீண்.

காபரே என்றதும் இறகு கட்டிய நடனக்காரிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பாட்டும் பகடியும் நடக்கிற சின்னக் கூடம். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. ஐம்பது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது பிந்தி வந்தால், மேடையில் இருப்பவர் பாட்டை அப்படியே நிறுத்திவிடுவார். வந்தவரின் மானத்தை நாலு வார்த்தையில் வாங்குவார். உடனே கூடம் மொத்தமும் சேர்ந்து ஒரு கேலிப் பாட்டைப் பாடும். நான்கே வரி.

அந்த நான்கு வரியும் அவருடையது.

வாலிபத்தில் இதே மேடையில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, நனைந்த தொப்பியோடு ஒருத்தி உள்ளே வந்தாள். நின்ற நிலையில் இட்டுக்கட்டிப் பாடினார். கூடம் சிரித்தது. அவள் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஜெர்மேன். அடுத்த வருஷம் அவர் மனைவி.

கடைசி வரியின் மெட்டை அவர் மேலே ஏற்றி முடித்திருந்தார். ஜெர்மேன் அதைக் கீழே இறக்கித்தான் பாடுவாள். சமையலறையில் பாடுவாள், மாடிப்படியில் பாடுவாள், இந்தக் கூடத்தின் முதல் வரிசையில் தொண்டை கிழியப் பாடுவாள். அவர் மேடையிலேயே தலையில் அடித்துக்கொள்வார். கல்யாண வாழ்க்கை முழுக்க அந்தச் சண்டை ஓயவில்லை.

போன குளிர்காலத்தில் ஜெர்மேன் போய்ச் சேர்ந்தாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அவருக்குச் சகிக்கவில்லை.

அவர் மெட்டமைத்த மற்ற பாட்டுகளை இன்று யாரும் பாடுவதில்லை. இந்த ஒன்றாவது உயிரோடு இருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார்.

கதவைத் தள்ளினார்.

மேடையில் இருந்த பெண் அவரைப் பார்த்தாள். குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டாள். யாரோ எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். முதுகுக்கு ஒரு தலையணை வேறு.

பாட்டு தொடர்ந்தது.

இப்படி ஒரு மரியாதையை எந்த எதிரியும் அவருக்குச் செய்ததில்லை. அவ்வளவுதான், அந்தப் பாட்டும் போயிற்று என்று நினைத்தார்.

அப்போது ஓர் இளஞ்ஜோடி குடையை மடக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தது.

பாட்டு சட்டென்று நின்றது. மேடைக்காரி இருவரையும் வாரு வாரென்று வாரினாள். கூடம் எழுந்து பாடியது.

நான்கு வரி. ஒரு சொல்கூட மாறவில்லை.

கடைசி வரி கீழே இறங்கியது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரைக் கேட்டுப் பழகினார்கள் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் அவரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கிழவன், பாவம் என்று. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எழுந்தார். தலையணை தரையில் விழுந்தது. வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, கதவு சுவரில் மோதும்படி திறந்துகொண்டு மறுபடி உள்ளே வந்தார்.

பியானோ நின்றது.

மேடைக்காரி இடுப்பில் கைவைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன பெரியவரே, இப்பத்தானே இங்க உக்காந்திருந்தீங்க? மேலோகம் வரைக்கும் போயி, அங்கயும் லேட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. அவரைப் பார்த்துப் பாடத் தொடங்கியது.

அவர் நாக்கைத் துருத்திக் காட்டினார்.

பிறகு அவரும் சேர்ந்து பாடினார். கடைசி வரியில், வாழ்நாளில் முதல் தடவையாக, கீழே இறங்கினார்.